ஜசிந்தாவைத் திருப்பி அழைத்துக்கொள்வது பற்றி

ஃபுளோரன்ஸ்,
அக்டோபர் 14

மதிப்புக்குரிய அபீலியோ அவர்களுக்கு, தங்கள் மகள் ஜசிந்தா தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரன் ஒத்தாவியோ பெஞ்சீனி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மனைவி இனெசும் நலம். போர்த்துகலில் உங்கள் வீட்டாரும் தக்கைத் தொழிற்சாலையும் நலமாக இருக்க வேண்டும்.

பெண்ணுக்கு ஓவியப் படிப்பு சரிவருமா, இல்லை தொழிற்சாலைக்கே கூப்பிட்டுக்கொள்ளலாமா, உங்கள் சொல்தான் முடிவு என்று எழுதியிருந்தீர்கள். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். முப்பத்தெட்டு வருடம் முடி வெட்டியவன் நான். தலையைப் பார்த்ததுமே உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லிவிடுவேன். பிறந்ததும் இந்த ஊரில்தான். ஆற்றங்கரை ஓவியக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஆகவே நேற்று நானே அவளை அழைத்துப் போனேன்.

போனால், இரண்டாவது அறையில் குழந்தையை ஏந்திய ஒரு மாதா படத்துக்கு முன்னால் நின்றவள் நின்றவள்தான். நான் நாற்பது அறைகளையும் நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டு வருகிறேன், அதே இடத்தில் அசையாமல் நிற்கிறாள். பாவம், புரியவில்லை போலிருக்கிறது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். எனக்குக் கொஞ்சம் கணீர்க் குரல். மிலானிலிருந்து வந்த ஒரு கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது, ஒரு அம்மாள் குறிப்பெடுக்கவே ஆரம்பித்துவிட்டார், நானும் சூடுபிடித்து, மாதாவின் அங்கியில் இருக்கும் இந்த நீலச் சாயத்தின் ரகசியம் எங்கள் குடும்பத்துக்குத்தான் தெரியும் என்று அளந்துகொண்டிருக்கும்போது காவலர் வந்துவிட்டார்.

"வழிகாட்டி லைசென்ஸ் இருக்கா பெரியவரே?"

"நான் ஃபுளோரன்ஸ்காரன்யா! எனக்கெதுக்கு லைசென்ஸ்?"

"அப்போ அபராதத்தக் கட்டிட்டுப் பேசுங்க."

உடனே உங்கள் மகள் ஓடி வந்து என்ன சொன்னாள் தெரியுமா? "ஐயோ சார், இவரு வழிகாட்டி இல்ல, என் வீட்டு ஓனரு. ஓவியத்தப் பத்தி இவருக்கு ஒரு எழவும் தெரியாது!"

காவலர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். குறிப்பெடுத்த அம்மாள் எல்லாவற்றையும் அடித்துவிட்டார். அபராதம் தப்பியது, மானம் போயிற்று.

என் முடிவு இதுதான். ஒரே படத்தை முக்கால் மணி நேரம் பார்க்கிறவள் எந்தக் காலத்தில் படித்து முடிப்பாள்? பெரியவர்களிடம் மரியாதையும் போதாது. கூப்பிட்டுக்கொள்ளுங்கள், தக்கை செய்யட்டும். எங்கள் ஊர்ப் புனிதர் சான் ஜொவான்னி உங்கள் எல்லோருக்கும் துணையிருப்பாராக.

இப்படிக்கு,
ஒத்தாவியோ பெஞ்சீனி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஜசிந்தா நோட்டோடு வந்து நின்றாள். "ஐயா, முடியப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும். மாதாவோட முக்காட்டுலேர்ந்து காதோரம் ஒரு முடி வெளிய வந்திருக்கே, அது ஓவியர் கை தவறினதா, வேணும்னே போட்டதா?"

நான் அந்த முடியைப் பார்க்கவே இல்லை. "கைக்குழந்தைய வச்சிருக்கவளுக்கு முடிய ஒதுக்க ஏதும்மா கை?" என்றேன். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அறுபத்தெட்டு வருடத்தில் நேற்றுதான் அந்தக் கட்டிடத்துக்குள் கால் வைத்தேன். பக்கத்தில்தானே இருக்கிறது என்று போகாமலே இருந்துவிட்டேன். மேலே எழுதியதைக் கிழிக்கப் போனால் இனெஸ் தடுக்கிறாள்: "அனுப்புங்க. யாருகிட்டப் போய் யோசனை கேட்டோம்னு அந்த மனுஷனுக்கும் தெரியட்டும்." அதனால் அனுப்புகிறேன். ஆனால் தயவுசெய்து பெண்ணைக் கூப்பிட்டுவிடாதீர்கள். நாளைக்கு என்னை மறுபடியும் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறாள், நான் வாயைத் திறக்காமல் இருந்தால்.