சும்மாத் தொட்டி

கரண்ட் தொட்டி நாற்பது லிட்டர். சும்மாத் தொட்டி அறுபத்தைந்து.

பூஜா வாயு மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். எண் மாறவில்லை. எட்டு நாளாக இதே கதை.

செங்கம் சாலையில் சக்கரபாணி நடத்தும் விடுதியின் பின்பக்கம் ஆறு மாடுகள், இரண்டு கறுப்புத் தொட்டிகள். இரண்டிலும் தினமும் ஒரே அளவு சாணிக் கரைசல். ஒன்றில் மட்டும் பூஜா இரண்டு கரிக்கம்பிகளை இறக்கி, முக்கால் வோல்ட் மின்சாரம் கொடுத்திருந்தாள். அது சாணியில் உள்ள நுண்ணுயிர்களை முடுக்கி, எரிவாயுவைக் கூட்ட வேண்டும். மற்றது ஒப்பிட்டுப் பார்க்க. மாடு பார்க்கும் வள்ளிக்குப் புரியட்டும் என்று இரண்டு அட்டைகள் எழுதித் தொங்கவிட்டாள்: ‘கரண்ட்’, ‘சும்மா’.

முதல் நாளே வள்ளி கேட்டாள்: "இதுக்குக் கரண்ட் குடுக்கற. அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் இல்லக்கா. அது சும்மா."

"ஒண்ணுமே இல்லியா?"

"சாணி மட்டும்தான்."

வள்ளி சும்மாத் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த பவுர்ணமி வரைதான் சக்கரபாணி கெடு கொடுத்திருந்தார். கிரிவலம் வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் வேண்டும். அதற்குள் கரண்ட் தொட்டி ஜெயிக்காவிட்டால் இரண்டும் வெளியே. கல்லூரி கொடுத்த ஆய்வு வேலையும் அதோடு முடியும். பூஜா கீழ்பென்னாத்தூர் திரும்பி, அண்ணனின் செல்போன் கடையில் ரீசார்ஜ் போட வேண்டியதுதான்.

எங்கோ கசிகிறது என்று முடிவு செய்தாள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினாள். குமிழ் வரவில்லை. இருந்தாலும் ஒரு கிளிப்பை இறுக்கினாள். குழாய் கிழிந்தது. அதுவரை கசியாத வாயு அன்றுதான் கசிந்தது.

மீந்த இட்லி மாவுக் குண்டானோடு கொட்டகைப் பக்கம் போய்க்கொண்டிருந்த வள்ளி நின்றாள். "வயிறு காஞ்சா எதுதான் வேல செய்யும் பாப்பா?"

தன்னைச் சொல்வதாக நினைத்து பூஜா சாப்பிடப் போனாள்.

புதுக் குழாய் போட்டதும், முக்கால் வோல்ட்டை ஒன்றரை ஆக்கினாள். மூன்றாம் நாள் முப்பது லிட்டர்.

"கரண்ட் ஜாஸ்தி, கேஸு கம்மி," என்றார் சக்கரபாணி, டீயை ஆற்றியபடி.

"அதிகமாயிடுச்சு சார். பழையபடி கொறைச்சிட்டேன்."

"எனக்கு மாட்ட நெனச்சாத்தான் கவலயா இருக்கும்மா. அது போட்டத நாம நம்பலன்னு நெனச்சுக்கும்."

தொட்டியில்தான் கோளாறு என்பது அடுத்த முடிவு. கம்பிகளைக் கழற்றி மற்றத் தொட்டியில் இறக்கினாள். அட்டைகளையும் இடம் மாற்றி மாட்டினாள். ஐந்தே நாளில், புதிதாகச் சும்மா ஆன தொட்டி அறுபதைத் தாண்டியது. கம்பி இறங்கிய தொட்டி நாற்பதுக்கு வந்தது. இதுவரை தொட்டியையாவது குறை சொல்ல முடிந்தது. இனி கம்பியைத் தவிர குற்றவாளி இல்லை.

இதற்குள் மாடி அறையில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ‘சும்மா’வை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார். காலையில் பாயைக் கொண்டுவந்து அந்தத் தொட்டி முன்னால் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார். மறுநாள் அட்டையில் ஒரு செம்பருத்திப் பூ இருந்தது.

"நம்ம ஊருல சும்மா இருக்கறதுதாம்மா பெரிய வேல," என்றார் சக்கரபாணி. "உனக்குத்தான் அது வரல."

"சார், அது வெறும் அட்ட."

"நீ படிச்ச பொண்ணு. அட்டைய மாத்தின, கேஸு மாறிச்சு. இல்லன்னு சொல்லு பாக்கலாம்."

பூஜா பக்கங்களைப் புரட்டினாள். நோட்டில் அப்படித்தான் இருந்தது.

சக்கரபாணி ‘கரண்ட்’ அட்டையைக் கழற்றித் திருப்பினார். அதன் பின்பக்கம் கரிக்கட்டியால் ‘சும்மா’ என்று எழுதி, அதே இடத்தில் மாட்டினார்.

"பவுர்ணமிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குது. கம்பியும் கரண்டும் அது பாட்டுக்கு உள்ள கெடக்கட்டும். நீ எதையும் தொடாத."

வேறு வழி தெரியாததால் பூஜா எதையும் தொடவில்லை.

பவுர்ணமியன்று காலை மீட்டரைப் பார்த்தாள். கம்பி இல்லாத தொட்டி ஐம்பது. கம்பி உள்ளது எழுபத்தெட்டு.

தட்டிப் பார்த்தாள். எண் மாறவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். நீலமாக எரிந்தது. சக்கரபாணி வைத்த பால் அவர் திரும்புவதற்குள் பொங்கி வழிந்தது.

"பாத்தியா போர்டு மகிமைய," என்றார் அவர். "ரெண்டும் இங்கயே இருக்கட்டும். வண்டிய தெருவுல வுட்டுக்குவாங்க."

"போர்டு இல்ல சார், கரண்ட்." பூஜா முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "கரண்ட்தான் வேல செய்யுது. இத்தன நாளா ஏன் செய்யலன்னுதான் புரியல."

குழாயடியில் குண்டானைக் கழுவிக்கொண்டிருந்த வள்ளி நிமிர்ந்தாள்.

"இனிமே மாவு கொஞ்சம் ஜாஸ்தியா மீத்தச் சொல்லுங்க சார். கரண்ட் வாங்கறதுக்குக் கரண்ட் இருக்குது, ஒண்ணு மட்டும் பாவம் சும்மா கெடக்குதேன்னு மொத்தத்தையும் அதுக்கே ஊத்திட்டிருந்தேன். இப்ப ரெண்டையும் சும்மான்னு எழுதிட்டீங்க, பாதிப் பாதிதான் ஊத்த முடியுது."