மச்சினன் பேரில் ஒரு வேண்டுதல்

சாமியிடம் நான் கேட்டது எதுவும் லேசில் நடந்ததில்லை. புரமோஷன் கேட்டேன், எனக்குப் பிறகு சேர்ந்தவனுக்குக் கிடைத்தது. தலைமுடி கேட்டேன், இருந்ததும் போயிற்று. ஒன்றே ஒன்று மட்டும் ஒரே மாதத்தில் அட்சரம் பிசகாமல் நடந்தது. அதை ஏன் கேட்டோம் என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

விஷயம் என் மச்சினன் பேச்சிமுத்து, என் மனைவி செல்வியின் ஒரே தம்பி. தாராவியில் பை தைக்கிற பட்டறையில் வேலை கிடைத்து, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தான். "ரூம் கிடைக்குத வரைக்கும் ஒரு வாரம் அத்தான்" என்று செம்பூரில் எங்கள் வீட்டு மூலையில் பெட்டியை வைத்தான். அந்த ஒரு வாரம் பதினோரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

வீடு என்றால் ஒரே அறை, ஓரமாகச் சமையல் மேடை, ஒரு மின்விசிறி. அந்த விசிறிக்கு நேர்கீழே அவன் படுப்பான். முதல் தோசை அவனுக்குத்தான் போகும். ("சின்னப்பிள்ள, பசி தாங்க மாட்டான்" என்பாள் செல்வி. சின்னப்பிள்ளைக்கு வயது இருபத்தெட்டு.) கட்டின பெண்டாட்டியிடம் தனியாக நாலு வார்த்தை பேச வேண்டுமானால் ரேஷன் கடை க்யூவில்தான் பேச வேண்டும். ஆனால் அவனிடம் "போ" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் செல்வி என்ன நினைப்பாளோ என்று பயம். ஆபீஸில் எல்லார் மேலும் எரிந்து விழுந்துவிட்டு வீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கல்யாண நாள் வந்தது. ஆபீஸில் கூட வேலை பார்க்கும் கொங்கண ஆள் ஒருவர், "எங்க ஊருக்குப் போயிட்டு வாங்க. முன்னால இரும்புச் சுரங்கம் இருந்த ஊரு. கோட்டை, கடல், கோயில் எல்லாம் இருக்கு. ஈ காக்கா கிடையாது" என்றார். ஈ காக்கா கிடையாது என்றதும் மயங்கிவிட்டேன். ரெண்டு டிக்கெட் என்று நான் ஆரம்பித்தபோதே செல்வி குறுக்கே வந்தாள்.

"தம்பி ஒத்தையில இருந்து என்னத்தச் சாப்பிடுவான்?"

மூன்று டிக்கெட் எடுத்தேன்.

காலையில் போய் இறங்கி, நாள் முழுவதற்கும் ஓர் ஆட்டோ பேசிக்கொண்டோம். ஆட்டோக்காரர் பெரியவர், சுரங்கம் ஓடிய காலத்தில் லாரி ஓட்டியவராம். முதலில் சுரங்கத்துக்கே கூட்டிப் போனார். ஒரு காலத்தில் அது குன்றாம். தோண்டித் தோண்டிக் கப்பலேற்றியதில் மிஞ்சியது ஒரு பெரும் பள்ளம். வேலை நின்ற பிறகு அதில் மழைத்தண்ணீர் தேங்கி, சிவந்த மண்சுவர்களுக்கு நடுவே பச்சை ஏரியாகக் கிடந்தது. செல்வி ஆசையாக எட்டி எட்டிப் பார்த்தாள். எனக்கும் மனசு குளிர்ந்துபோய், அவளோடு செல்ஃபி எடுக்கப் போனை நீட்டினேன். எடுத்துப் பார்த்தால் நடுவில் பேச்சிமுத்து, பல்லெல்லாம் தெரிய. மறுபடி எடுத்தேன். மறுபடியும் அவன்தான்.

அந்தக் கடுப்போடுதான் அடுத்திருந்த கோயிலுக்குள் நுழைந்தேன்.

நம் கோயிலில் அர்ச்சனை என்றால் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்பார்கள். வேண்டுதல் நம் மனசோடு இருக்கும். அங்கே பூசாரி "என்ன வேண்டுதல்?" என்று கேட்டார். அடடா, எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். செல்வியும் பேச்சிமுத்துவும் பிரகாரம் சுற்றப் போயிருந்தார்கள். அவர் காதோடு காதாக, எனக்குத் தெரிந்த மராத்தியில் பதினோரு மாதக் குமுறலையும் கொட்டினேன். பெயர், ஊர், உறவு முறை, ஒன்றையும் விடவில்லை. அவர் பொறுமையாகத் தலையாட்டினார்.

பிறகு தேங்காயை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு நடுவில் வந்தார். எங்கள் ஆட்டோக்காரர் உட்பட இருந்த இருபது பேரும் எழுந்து கைகூப்பினார்கள். பிரகாரம் சுற்றி வந்த என் வீட்டு ஆட்களும் சேர்ந்து நின்றார்கள். அந்தப் பக்கத்தில், வேண்டுகிறவனின் குறையைப் பூசாரி ஊரறியச் சாமியிடம் எடுத்துச் சொல்வாராம், ஊரே ஆமாம் போடுமாம். இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"தேவா மகாராஜா!" என்று மராத்தியில் எடுத்தார் பூசாரி. தாதர் ஸ்டேஷன் ஒலிபெருக்கி தோற்றது. "மும்பையிலிருந்து உன் பிள்ளை முருகேசன் வந்திருக்கிறான்!"

"ஹோய் மஹாராஜா!" என்றது கூட்டம்.

"ஒரே அறையில் குடியிருக்கிறான்!"

"ஹோய் மஹாராஜா!"

"மனைவியின் தம்பி பேச்சிமுத்து வந்து உட்கார்ந்து பதினோரு மாதம் ஆகிறது! கிளம்புகிற வழியைக் காணோம்!"

"ஹோய் மஹாராஜா!"

பூசாரியின் வேட்டியைப் பிடித்து இழுக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

"அவனுக்கு ஓர் இடத்தைக் காட்டி இவன் பாரத்தை இறக்கு! ஆனால் தூரமாக அனுப்பி அக்காள் மனசை நோகடிக்காதே! கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வை!" (இந்தக் கடைசி வரியை நான் சொல்லவே இல்லை. பூசாரி சொந்தமாகச் சேர்த்தது.)

"ஹோய் மஹாராஜா!"

எல்லாரையும்விட உரக்கச் சொன்னது யார் என்று திரும்பிப் பார்த்தேன். பேச்சிமுத்து! அவனுக்கு மராத்தி ஒரு எழுத்துத் தெரியாது. தன் பெயர் மட்டும் காதில் விழுந்திருக்கிறது. கண் கலங்கியிருந்தான்.

"அத்தான், ஒங்க கல்யாண நாள்ல எனக்காகவா வேண்டிக்கிட்டீங்க?"

செல்வி பால்வாடியில் வேலை பார்க்கிறவள், மராத்தி அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு விறுவிறுவென்று ஆட்டோவுக்குப் போனாள்.

அடுத்தது கோட்டை. ஆலமர வேர்கள் மதிலைக் கட்டிப் பிடித்திருந்தன. மேலே போனால் ஆறு கடலில் சேர்வது தெரியும் என்றெல்லாம் ஆட்டோக்காரர் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு எது காதில் ஏறும்? பேச்சிமுத்து என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். எனக்கு வெயில் படாமல் குடை பிடித்தான். படிக்குப் படி முழங்கையைத் தாங்கி, "பாத்து வாங்க அத்தான், பாசியா இருக்கு" என்றான். செல்வி பத்துப் படி முன்னால் போனாள், திரும்பவே இல்லை. இதற்கு அவன் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

உச்சியில் போய் உட்கார்ந்ததும் அவன் ஆட்டோக்காரரிடம் பட்டறை ஹிந்தியில், கோயிலில் தன் பெயரை ஏன் சொன்னார்கள் என்று கேட்டான். அவனுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். கொசு விரட்டுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, மனிதர் தலை முதல் வால் வரை அபிநயத்தோடு சொல்லி முடித்தார்.

பேச்சிமுத்து குடையை மடக்கினான்.

"இதுக்கு என்னத்துக்கு அத்தான் சாமிகிட்டப் போனீங்க? எங்கிட்டச் சொல்லியிருந்தா அன்னைக்கே ரூம் பாத்திருப்பேன்லா. நீங்க ஆபீஸ் விட்டு வர எட்டு மணி ஆவுது. நான் இருந்தா அக்காளுக்குத் தொணைன்னு நெனச்சேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. "தப்புதான் மாப்ளே, என்னைய மன்னிச்சிரு" என்றேன்.

அப்போதுதான் செல்வி வாயைத் திறந்தாள். "ரெண்டு பேருக்கும் வாயி இல்லையா? எனக்கு மட்டும் புருசன்கூடத் தனியா இருக்கணும்னு ஆசை இருக்காதா? தம்பிய அக்காளே வெரட்டிட்டாள்னு ஊர்ல சொல்லிருவாங்களேன்னு, நீங்க சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு பதினோரு மாசமா காத்துக் கெடக்கேன்!"

நானும் பேச்சிமுத்துவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது அவன்தான். பிறகு மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஆட்டோக்காரர் ஒன்றும் புரியாமல், "ஹோய் மஹாராஜா" என்று சொல்லி வைத்தார். சாயங்காலம் கடற்கரையில் தொப்பலாக நனைந்து, மணலில் உட்கார்ந்து வடா பாவ் தின்றோம். அந்தக் கல்யாண நாள் மாதிரி இன்னொன்று எனக்கு அமையவில்லை.

ஒரே மாதத்தில் பேச்சிமுத்துவுக்கு இடம் கிடைத்தது. எங்கள் கட்டடத்தில், எங்கள் மாடியில், எங்களுக்கு எதிர்வீடு. பூசாரி சொந்தமாகச் சேர்த்த வரிக்கு அவ்வளவு சக்தி. வீட்டில் நான் டீ கேட்டாலும் அக்காளும் தம்பியும் கைகூப்பி "ஹோய் மஹாராஜா" என்கிறார்கள். பழகிவிட்டது.

போன மாதம் அவன் பெண் பார்க்க ஊருக்குப் போனான். நாலாம் நாள், பூட்டியிருந்த எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே, "எப்ப வாரானாம்?" என்றேன்.

"என்னது? காதுல விழல. சாமிக்குக் கேக்குத மாதிரிச் சொல்லுங்க" என்றாள் செல்வி.

"பேச்சிமுத்து சீக்கிரம் வந்து சேரட்டும்!" என்றேன், மாடிக்கே கேட்கும்படி.

ஹோய் மஹாராஜா சொல்ல ஆள் குறைந்ததால் அதையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.