மைக்செட் அண்ணாச்சி சொன்ன ஒரே பொய்

எனக்கு வயது எண்பத்து மூன்று. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்புதான்; ஆனாலும் ரேஷன் கடையில் இன்றுவரை கைநாட்டு வைத்ததில்லை. அந்தக் கையால் எழுதுகிறேன்: கோவில்பட்டி மண்ணில் பொய் சொல்லவே தெரியாத ஒரே ஆள் எங்கள் தெரு மைக்செட் அண்ணாச்சிதான்.

அதை நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது பெரிய உபத்திரவம்.

கல்யாணம், சடங்கு, சாவு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் மைக்தான். ஒரு கல்யாணப் பந்தியில், "கறி தீந்துபோச்சு. இனிமே குழம்பு மட்டுந்தான். இஷ்டம் உள்ளவிய உக்காரலாம்" என்று அறிவித்தார். மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேர் செருப்பைத் தேடினார்கள். தலைவர் வந்துகொண்டே இருக்கிறார் என்று சொல்லச் சொன்ன கட்சிக்காரர்களிடம் தலையாட்டிவிட்டு, தலைவர் இன்னும் குளிக்கவே இல்லையாம், பிள்ளை வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு வரலாம் என்றார். தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை இறந்தபோது, அன்னாருக்கு யாரிடமும் நல்ல பெயர் கிடையாது, இருந்தாலும் அடக்கத்துக்கு எல்லாரும் வரவேண்டும் என்றார். ஊரே வந்தது. அண்ணாச்சி மைக்கில் சொன்னால் அது அப்படித்தான் என்று அவ்வளவு நம்பிக்கை.

இப்படிப்பட்ட மனுஷர்தான் என் மூத்த மகள் கல்யாணத்தன்று காலையில் வயரையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு என் வீட்டு உள்ளறைக்குள் நுழைந்தார். பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது. என் மாமியாரும் அங்கேதான் இருந்தார். விடிவதற்குள் அவர் உயிர் போயிருந்தது. கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, போர்வையால் மூடி, ஒருத்தரிடமும் மூச்சு விடாமல் இருந்தேன். வீட்டில் துட்டி விழுந்தது தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். சம்பந்தியம்மா ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குக் கிளம்புவாள். பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பியும் விடுவாள். அவளிடம் நின்ற கல்யாணம் நின்றதுதான்.

போர்வை விலகிக் கிடந்தது. அண்ணாச்சி கட்டியிருந்த விரல்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் கையில் மைக் இருந்தது. பிளக்கைச் சொருகினார், வெளியே போனார், மாதா பாட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

என் மாமியாரிடம் ஆசீர்வாதம் வாங்கவேண்டும் என்று வந்த சம்பந்தியம்மாவிடம், மருந்து குடித்துவிட்டு அசந்து தூங்குகிறார்கள் என்றேன். தாலி ஏறியது. பந்தி முடிந்தது. மூன்று மணிக்கு நான் அலறினேன். அதே மைக்கில் அண்ணாச்சி சாவைச் சொன்னார். எப்போது என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்து, தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம், பங்குக்குப் புதிதாக வந்த இளம் சாமியார் பள்ளிக்கூட ஹாலில் படம் போட்டார். யூத ஜனங்களைப் பற்றி ஒரு படம் வேண்டும் என்று சென்னைக்கு எழுதினாராம். அவர்களும் கேட்டதை அனுப்பிவிட்டார்கள். சன்னலையெல்லாம் பருத்திச் சாக்கால் மூடியிருந்தது. நாங்கள் செருப்பை வெளியே விட்டு, முக்காடு போட்டு உட்கார்ந்தோம். படம் இங்கிலீஷ். கொழும்பில் ஒரு துரை வீட்டில் சமையல் பார்த்தவர் என்பதால் அண்ணாச்சி கதையை மைக்கில் தமிழில் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு.

நீளத் தாடியும் தோளில் சால்வையுமாக ஒரு தையல்காரத் தாத்தா வந்தார். கோயில் உபதேசியார் அவரை வேதத்தில் வரும் ஆபிரகாம் என்று நினைத்து எழுந்து நிற்க, முன்வரிசையும் எழுந்தது. ஆபிரகாம் சூப்புக் குடித்தார், தலை சாய்ந்தார், அசையவில்லை. மறுநாள் அவர் பேத்திக்குக் கல்யாணம். அவர் பெண்சாதி அழுதுகொண்டே சுவர்க் கண்ணாடியைத் துணியால் மூடினாள். அது யூதர்களின் துட்டி வழக்கம் என்று பின்னால் சாமியார் சொன்னார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது, ஏனென்றால் கதவு தட்டும் சத்தம் கேட்டதும் அவள் அந்தத் துணியை உருவினாள். தாத்தா தலையில் தொப்பியை வைத்து நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள்.

நான் முக்காட்டை இழுத்துவிட்டேன். பக்கத்தில் சம்பந்தியம்மா.

மைக்கில் அண்ணாச்சி கனைத்தார். "தாத்தாவுக்கு நல்ல அசதி. அசந்து தூங்குதாரு."

விருந்தாளிகள் வந்து தாத்தா கையைக் குலுக்கினார்கள். ஒருவர் அவரோடு வாதாடித் தோற்றே போனார். மூக்கில் ஈ உட்கார்ந்தது. தாத்தா பக்கவாட்டில் சரிய, கிழவி அவர் மடியில் ஏறி உட்கார்ந்து முட்டுக் கொடுத்தாள். தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். வேதத்து ஜனங்களை இப்படிக் கேலி செய்யலாமா என்று உபதேசியார் காதைப் பொத்திக்கொண்டார். சாமியார் படம் போடும் மெஷினைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. மாப்பிள்ளை கண்ணாடி டம்ளரை மிதித்து உடைத்ததும் பெண்கள் வரிசை முழுக்க "சேசுவே" என்றது. அதுவும் அவர்கள் வழக்கமாம்; நல்ல காரியத்தில் யாராவது அப்படிச் செய்வார்களா?

"அண்ணாச்சி, தாத்தா செத்துல்லா போனாரு" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"வாயப் பொத்துட்டி. தூங்குதாரு."

சம்பந்தியம்மா மெல்ல என் பக்கம் திரும்பினாள். என் மகளுக்கு மூன்று வருடமாக வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. எதன்மேல் பழி போட்டு அவளைத் திருப்பி அனுப்பலாம் என்று இவள் தேடிக்கொண்டிருந்த காலம்.

"மதினி, அன்னைக்கு உங்க மாமியாரும் இப்படித்தானே அசந்து தூங்குனாவ?"

நான் திரையைக் கையால் காட்டினேன். "அதுக்கென்ன மதினி. இந்தத் தாத்தாவும் தூங்கத்தான செய்யுதாரு. அண்ணாச்சி மைக்குல பொய் சொல்லி நீங்க கேட்டிருக்கியளா?"

அவள் யோசித்தாள். "இல்லதான்" என்று திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கடைசியில் தாத்தாவைக் குழிக்குத் தூக்கிப் போனார்கள். அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார்: "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிட்டு. பந்தியும் முடிஞ்சிட்டு. தாத்தா இப்பத்தான் போய்ச் சேந்தாரு."

சம்பந்தியம்மா நம்பினாள். தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகள் நம்பவில்லை. அவர்கள் சிரித்துச் சிரித்தே அண்ணாச்சியின் பெயரைக் கெடுத்தார்கள். அதற்குப் பிறகு யார் சாவை அவர் அறிவித்தாலும் தெருவிலிருந்து ஒரு குரல் வரும்: "நல்லாப் பாத்தியளா அண்ணாச்சி? தூங்குதாவளா இருக்கும்." ஜனங்கள் ஒரு எட்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மாலை வாங்கினார்கள். உபதேசியார் கோயில் திருவிழாவுக்கு ஓட்டப்பிடாரத்திலிருந்து மைக் வரவழைத்தார். அண்ணாச்சி யாரிடமும் காரணம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் வீட்டு நல்லது கெட்டதுக்கு வேறு மைக் வைத்ததில்லை, அவ்வளவுதான்.

அவர் போன அன்று மைக்கில் சொல்ல ஆள் இல்லை. நானாகப் போய்ப் பார்த்தேன். கால்விரல் கட்டு தளர்ந்திருந்தது. இறுக்கிக் கட்டிவிட்டு, "அசந்து தூங்குங்க அண்ணாச்சி" என்றேன்.

எழுதி முடித்துவிட்டேன். ஏட்டி, அந்தப் படத்துக்கு மறு வருசம் எம் மூத்த மகளுக்குப் பொறந்தவளே, இங்கன வந்து இத ஒருக்கா வாசி. உங்க அப்பத்தாதான் இதக் கேக்க இப்ப இல்லையே. அண்ணாச்சிக்குக் கேக்குற மாதிரி சத்தமாவே வாசி.