மின்மினிக்குக் கிடைத்த சிறந்த நெசவாளர் பட்டம்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். தொழில் தொடங்கிவிட்டது. முதலாளி ஆகிவிட்டதால் இனிமேல் அதை ‘அவர்’ என்றே சொல்வோம், நமக்கு எதற்கு வம்பு.

கூடு கட்டத் தெரியாத பறவைகள் அந்தக் காட்டில் ஏராளம். அவற்றுக்குக் கூடு நெய்து விற்பதுதான் தொழில். நெய்வதற்குத் தூக்கணாங்குருவிகளை வேலைக்கு வைத்தார். இடத்துக்கும் அலையவில்லை. அவருடைய அப்பா விட்டுப்போன குகை ஒன்று சும்மா கிடந்தது. உள்ளே கும்மிருட்டு. பட்டப்பகலில்கூடத் தன் அலகு தனக்குத் தெரியாது. வாடகை இல்லாத இடத்தில் வெளிச்சமும் வேண்டும் என்றால் அது பேராசை இல்லையா?

அங்கே நெய்த குருவிகளில் ஒருவன் சங்கரலிங்கம். வெளியே விட்டால் கண்ணை மூடித் திறப்பதற்குள் நாரைக் கிழித்து முடிச்சுப் போட்டுவிடுவான். குகைக்குள் பாவம், நார் என்று நினைத்துப் பக்கத்துக் குருவியின் வாலை எடுத்துத் தன் வாலோடு முடிந்துவிடுவான். சில நாள் இரண்டு பேரும் சேர்ந்தேதான் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது.

வேலை போனால் அவனுக்கு வேலை மட்டும் போகாது. குளத்தின்மேல் சாய்ந்த கருவேலமரத்தில் முதலாளி கொடுத்திருந்த கிளையும் போய்விடும். பாம்பு ஏற முடியாத மரம் காட்டில் அது ஒன்றுதான். அந்தக் கிளையில் தொங்கிய கூட்டுக்குள் அவன் மனைவி கோமதி முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தாள். மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

குகையில் நெய்த கூடுகளெல்லாம் கோணலாக வந்தன. வாங்கிய பறவைகள் திருப்பிக் கொண்டுவந்து முதலாளியின் தலையில் போட்டுவிட்டுப் போயின. அவர் பணியாளர் நல அதிகாரி ஆந்தையம்மாவைக் கூப்பிட்டார்.

“என்னம்மா, இந்தக் குருவிங்க ஏன் ஒழுங்கா வேலை பார்க்க மாட்டேங்குதுங்க?”

“ஒரு ஆய்வு பண்ணிடலாம் சார்.”

ஆந்தையம்மா பக்கத்துக் காட்டில் போய்ப் படித்துவிட்டு வந்தவர். ஆய்வு என்று சொல்லும்போதே அவருடைய கண்கள் இன்னும் கொஞ்சம் பெரிதாகும்.

‘பணியாளர் செயல்திறனைப் பாதிக்கும் காரணிகள்’ என்று தலைப்பு வைத்து ஆய்வு நடந்தது. ஆந்தையம்மா முதலில் தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு மேற்பார்வையாளர் வௌவாலைக் கேட்டார். வெளிச்சம் போதுமா என்ற கேள்விக்கு, தாராளமாகப் போதும், கொஞ்சம் குறைத்தால்கூட நல்லது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அத்தோடு அந்தக் காரணி அடிபட்டுப் போயிற்று. குருவிகளையும் கேட்டார்கள். கேட்கவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

“கண்ணே தெரியலை மேடம். வாசல் பக்கமா உட்கார்ந்து நெய்யட்டுமா?” என்றான் சங்கரலிங்கம்.

“இதான் உங்ககிட்ட பிரச்சினை. எப்பப் பார்த்தாலும் குறை. வெளிச்சம் மனசுக்குள்ள இருக்கணும் சங்கரலிங்கம்.”

குருவிகளுக்கு ஊக்கம் போதவில்லை என்று ஆய்வு கண்டுபிடித்தது. தினமும் காலையில் எல்லாரும் வட்டமாக நின்று சிறகு தட்டிச் சிரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சுவர் முழுக்க ஊக்க வாசகங்களை எழுதிப்போட்டார்கள். இருட்டில் ஒரு குருவிக்கும் ஒரு வரி தெரியவில்லை. ஆந்தையம்மா மட்டும் தினமும் வாசித்து ஊக்கம் பெற்றார். வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கொரு கம்பு உருண்டையும் கொடுத்தார்கள். கூடுகள் முன்னைவிடக் கோணலாக வந்தன.

ஆந்தையம்மா சங்கரலிங்கத்தைத் தனியே அழைத்தார். “மழை தொடங்குறதுக்குள்ள உங்க கூடு நேரா வரணும். இல்லைன்னா கிளையைக் காலி பண்ணிடுங்க.”

வீட்டுக்கு வந்து சொன்னான். கோமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“முட்டையை எங்க தூக்கிட்டுப் போறது, உங்க மேடம் தலையிலயா?” என்று கத்தினாள். அவன் பயந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் குரல் இறங்கியது. “ஏங்க, நம்ம வீட்டுல வெளிச்சத்துக்கு என்ன பண்றோம்? அதையே அங்கயும் பண்ணித் தொலைங்களேன்.”

அந்தக் குருவிகளின் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டின் சுவரில் ஈரக் களிமண்ணை ஒட்டி, அதில் ஒரு மின்மினியை உட்காரவைப்பார்கள். அதுதான் விளக்கு. சங்கரலிங்கத்தின் வீட்டு மின்மினிக்குப் பெயர் துரைக்கண்ணு. கேட்டதும், “இதுக்கென்ன அண்ணே, வந்துட்டாப் போச்சு” என்று சொந்தபந்தத்தோடு கிளம்பிவிட்டான்.

மறுநாள் குகையில் குருவிக்கு ஒரு மின்மினி என்று களிமண்ணில் உட்கார்ந்து மின்னினார்கள். நார் எது, வால் எது என்று தெரிந்தது. கூடுகள் நூல் பிடித்தாற்போல் நேராக வந்தன. வாங்கிய பறவைகள் இன்னொன்று கேட்டன. முதலாளி பூரித்துப்போய், இது எப்படி நடந்தது என்று ஆந்தையம்மாவைக் கேட்டார். இன்னொரு ஆய்வு நடந்தது.

“முன்னாடி குருவிங்க மட்டும் இருந்துச்சு, கூடு கோணல். இப்ப மின்மினிங்களும் வந்திருக்கு, கூடு நேர். அப்போ நெய்தது யாரு சார்?”

முதலாளி தலையைச் சொறிந்து யோசித்தார். “மின்மினிதான்!”

“ஆய்வோட முடிவும் அதேதான் சார்.”

துரைக்கண்ணு பதறிப்போனான். “ஐயோ மேடம், நான் சும்மா உட்கார்ந்துதான் இருந்தேன்.”

“பார்த்தீங்களா சார், எவ்வளவு தன்னடக்கம்! இதுக்குப் பேருதான் தலைமைப் பண்பு.”

விழா எடுத்தார்கள். சிறந்த நெசவாளர் பட்டமும் கருவேலமரத்துக் கிளையும் துரைக்கண்ணுக்குக் கிடைத்தன. மின்மினி வெளிச்சம் தாங்காமல் ஆந்தையம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் பரிசு கொடுத்தார். செயல்திறன் இல்லாத குருவிகளை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த நாள் மின்மினிகள் நெய்ய உட்கார்ந்தன. நாரை அசைக்கக்கூட முடியவில்லை. சாயங்காலம் முதல் தூறல் விழுந்தபோது துரைக்கண்ணு கிளைக்கு வந்தான். கோமதி முட்டைகளை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டாள். காலி செய்யச் சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று சங்கரலிங்கம் நினைத்தான்.

“அண்ணே, காப்பாத்துங்க. எனக்கு உதவியாளா வாங்க. மத்த குருவிங்களையும் கூட்டிட்டு வாங்க. மேடம்கிட்ட பேசிட்டேன். சம்பளம் கிடையாதாம், ஆனா நீங்க கிளையில இருந்துக்கலாமாம்.”

கோமதி வெளியே எட்டிப் பார்த்தாள். குளத்துக்கு அந்தப் பக்கம் புல்லில் பாம்பு ஊர்வது அவளுக்குத் தெரிந்தது. சங்கரலிங்கம் மறுநாள் வேலைக்குப் போனான்.

கூடுகள் மறுபடி நேராக வந்தன. உருப்படாத குருவிகளைக்கூட மின்மினிகளின் தலைமை திருத்திவிட்டது என்று ஆந்தையம்மா முதலாளியிடம் பெருமையாகச் சொன்னார். களிமண்ணில் உட்கார்ந்திருந்த துரைக்கண்ணும் அதைக் கேட்டான். முதல் தடவை கூச்சப்பட்டான். இரண்டாம் தடவை தலையாட்டினான். மழைக்காலம் முடிவதற்குள் அவனுக்கே அதில் சந்தேகம் இல்லாமல் போயிற்று.

“இன்னும் கொஞ்சம் வேகமா நெய்ய முடியாதா சங்கரலிங்கம்?” என்றான் ஒருநாள்.

“சரிங்க சார்,” என்றான் சங்கரலிங்கம். வீட்டில் குஞ்சுகள் பொரித்திருந்தன.

நீதி: நன்றாக வேலை செய்ய வெளிச்சம் வேண்டும். நன்றாகப் பெயர் வாங்க, வேலை செய்பவன் பக்கத்தில் உட்கார்ந்து மின்னினால் போதும்.