கை படாத இசை

தையல்காரர் விட்டது ஒரே ஒரு சொட்டு எண்ணெய்தான். மூன்றாவது மோட்டார் லேசாகக் கிறீச்சிட்டது. சட்டைப் பையில் தையல் மிஷின் எண்ணெய்க் குப்பி இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. அடுத்த நொடி, பன்னிரண்டு மோட்டார்களும் ஒன்றாக நின்றுவிட்டன. கூடமே ஒரு கணம் அடங்கிப்போனது போல் இருந்தது. பயத்தில் காது அடைத்துக்கொண்டது என்று நினைத்தார்.

மகள் கலைக் கல்லூரியில் கடைசி வருடம். மூங்கில் சட்டத்தில், உள்ளே விதை குலுங்கும் பன்னிரண்டு காய்ந்த நெற்றுகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி மோட்டார் வைத்திருந்தாள். எதிரில் வருபவர்களின் பேச்சையும் காலடியையும் மைக் கேட்கும். எந்த நெற்றை எப்போது குலுக்குவது என்பதை அவள் எழுதிய நிரல் தானே முடிவு செய்யும். ஒரு தடவை வந்த ஓசை மறு தடவை வராது. முன்னால் அட்டையில் எழுதியிருந்தாள்: ‘கை படாத இசை’.

போன வருடம் தேர்வாளர்கள் வந்து நின்றபோது அது வாயே திறக்கவில்லை. இந்த வருடமும் திறக்காவிட்டால் பட்டம் கிடையாது. மூன்றாவது வாய்ப்பு என்று ஒன்று இல்லை.

தேர்வு முடியும்வரை மாணவர்கள் கூடத்துக்குள் வரக்கூடாது. பொருள்களைப் பார்த்துக்கொள்ள வீட்டு ஆள் ஒருவர் இருக்கலாம்.

“அப்பா, நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும். எதையும் சரி பண்ணாதீங்க.”

“நான் எதும்மா தொடப்போறேன்?” என்று சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

எண்ணெயைத் துடைத்தார். ஊதினார். கண்ணை மூடிக் கும்பிட்டார். பிளக்கைக் கழற்றி மாட்டினார். லேப்டாப்பில் கோடுகள் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஆக, தப்பு எண்ணெயில்தான். பெரிய ஜன்னல்கள் வழியாக வெயில் வேறு வந்து, அசையாத நெற்றுகளைப் பளிச்சென்று காட்டியது.

கூடத்தில் பலகைத் தடுப்புகளுக்குள் ஏழு படைப்புகள். இடப்பக்கத் தடுப்பில் மூங்கில் குழாய்கள் டொக் டொக் என்று தட்டத் தொடங்கியிருந்தன. வலப்பக்கம் தண்ணீரில் கூழாங்கற்கள் விழுந்தன.

‘மத்த பிள்ளைங்க மிஷினெல்லாம் எவ்வளவு ஒழுங்கா ஓடுது’ என்று பெருமூச்சு விட்டார்.

நூல் இல்லாமல் அவர் வெளியே கிளம்புவதில்லை. ஒவ்வொரு நெற்றிலும் கறுப்பு நூலைக் கட்டி, வயர்களை மறைக்கத் தொங்கவிட்டிருந்த கறுப்புத் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். முடிச்சு வழுக்கியது.

“பக்கத்துல யாராவது இருக்கீங்களா? கொஞ்சம் டேப் கிடைக்குமா?” என்று தடுப்பின் அடியில் கிசுகிசுத்தார்.

மூங்கில் தாளம் ஒரு கணம் தடுமாறியது. ‘என் குரல் அதுக்கும் கேட்டுடுச்சு போல, நல்ல மிஷின்’ என்று வியந்தார். வளையல் போட்ட கை ஒன்று டேப்பை நீட்டியது.

“நல்லா இருப்பீங்கம்மா.”

“சீக்கிரம் ஒட்டுங்கண்ணே, வந்துட்டாங்க.”

கண்ணாடி போட்ட பேராசிரியையும் ஒரு தாடிக்காரரும் வந்து நின்றார்கள்.

“வணக்கம்” என்றார் பேராசிரியை, நெற்றுகளைப் பார்த்து.

பெரியவர்கள் வணக்கம் சொன்னால் சும்மா இருக்கலாமா? நூல்களை இழுத்தார். கலகலவென்று சத்தம்.

“மரியாதை தெரிஞ்ச நிரல்.”

தாடிக்காரர் பலகையில் மூன்று முறை தட்டினார். உள்ளிருந்து மூன்று குலுக்கல்.

“சொன்னதையே திருப்பிச் சொல்லுது மேடம். இதுக்கு எதுக்குக் கணினி?”

தையல்காரருக்கு வேர்த்தது. செருப்பைக் கழற்றி, கால் கட்டைவிரல்களிலும் நூலைச் சுற்றிக்கொண்டார். அடுத்த மூன்று தட்டுக்கு ஏழு குலுக்கல், ஒரு இடைவெளி, பிறகு இரண்டு.

“இப்போ யோசிக்குது” என்றார் தாடிக்காரர்.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியை தும்மினார். திடுக்கிட்ட தையல்காரர் கையையும் காலையும் ஒன்றாக இழுக்க, பன்னிரண்டு நெற்றுகளும் ஆடித் தீர்த்தன. ஒன்று பிய்த்துக்கொண்டு தாடிக்காரரின் தலையில் விழுந்தது.

“ஐயையோ, அடிபட்டுடுச்சா சார்? மன்னிச்சிடுங்க.” வாய் முந்திக்கொண்டது.

இருவரும் அசையவில்லை.

“பேசுது” என்றார் தாடிக்காரர்.

“குறிப்புல குரலைப் பத்தி ஒண்ணும் இல்லையே. நீங்க பதில் சொல்லிப் பாருங்க.”

தாடிக்காரர் மைக் பக்கம் குனிந்தார். “அடி ஒண்ணும் படலை.”

“ஆண்டவன் காப்பாத்தினான்” என்றது கறுப்புத் துணி.

“பக்தியும் இருக்கு” என்று பேராசிரியை எழுதிக்கொண்டார். “என்னோட இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு பார்த்ததில்லை. முழு மார்க் போட்டுடலாமா?”

துணிக்குப் பின்னால் தையல்காரர் மெல்ல எழுந்தார். வாடிக்கையாளர் ‘துணி என்னிக்குக் கிடைக்கும்?’ என்று கேட்டால் உண்மையான தேதியைச் சொல்கிற மனிதர் அவர். அதனாலேயே பாதி வாடிக்கை போய்விட்டது. மகளின் மார்க்கில் தன் கட்டைவிரலுக்கும் பங்கு இருப்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. பொய்யில் வாங்கிய பட்டத்தை அவள் எந்தச் சுவரில் மாட்டுவாள்?

துணியை விலக்கி வெளியே வந்தார். கைவிரல்களிலும் கால்விரல்களிலும் நூல். அவர் நடக்க நடக்க, நெற்றுகளும் கூடவே குலுங்கின.

“கடவுள் பொதுவா சொல்லிடறேம்மா. நாந்தான் இழுத்தேன். எம்பொண்ணு மிஷின் நல்லாத்தான் ஓடிச்சு. எண்ணெய் விட்டு நாந்தான் கெடுத்தேன். மார்க்கைக் குறைக்கறதா இருந்தா எனக்குக் குறைங்க.”

“உங்களுக்கு ஏதுங்க மார்க்கு?” என்றார் தாடிக்காரர், தலையைத் தடவிக்கொண்டே.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தையல்காரரை இன்னும் வதைத்தது.

“பெத்த மனசு புரியுதுங்க. நீங்களா வந்து சொன்னதும் பெரிய விஷயம். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. மத்த ஆறையும் பாருங்க. யாரும் கை வெக்கலை. காலையிலேருந்து எவ்வளவு சுத்தமா ஓடுது.”

மூங்கில் தட்டியது. கூழாங்கல் விழுந்தது. தள்ளி எங்கோ சருகுகள் சலசலத்தன. மகளின் பெயருக்கு நேரே பேனா இறங்கியது. தையல்காரர் தலையைக் குனிந்து, விரல் நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார்.

வாசலில் ஏணியைச் சாய்த்துவிட்டு எலெக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தார்.

“மன்னிக்கணும் மேடம், ஒன்பது மணியிலேருந்து இந்தக் கூடத்துக்குக் கரண்டே இல்லை, ஏழு மிஷினும் பாவம் அப்படியே நின்னுபோயிருக்கும், இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கச் சொல்லுங்க.”