வலது முழங்காலின் இன்றைய நிலவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இன்று காலை ஒன்பது மணி நிலவரப்படி என் வலது முழங்கால் நூற்றிரண்டு டிகிரி மடங்குகிறது. அளந்து சொன்னவர் பிசியோதெரபிஸ்ட். மற்றபடி எல்லோரும் நலம். நீங்களும் நலமென்று உங்கள் அம்மா போனில் உறுதிப்படுத்தினார்.

மகளின் பிரசவத் தேதிக்கு இன்னும் பதினொரு நாள். உங்களுக்கு லீவு கிடைக்க இருபது நாளாகும். ஆஸ்பத்திரிக்கு நானே காரில் கூட்டிப்போகிறேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, முட்டி ஆபரேஷன் ஆகி ஆறு வாரமாக அதே கவலையில் கிடக்கிறேன். சர்ஜனைக் கேட்டால், "பிரேக்கை வலியில்லாம சட்டுனு அழுத்தி மிதிக்க முடியணும், தூக்கம் வர்ற வலி மாத்திரையை விட்டிருக்கணும், அப்புறம் பாக்கலாம் சார்" என்கிறார். மாத்திரையை விட்டுப் பத்து நாளாகிறது. மிதித்துப் பழகலாமென்று நேற்று வாசலில் நிற்கும் காரில், சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு, உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் உங்கள் அத்தை. அவள் திடீரென்று குரல் கொடுக்க வேண்டும், நான் மிதிக்க வேண்டும். முதலில் "லாரி" என்றாள், விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோல. "கொஞ்சம் பதறித்தான் சொல்லேன்" என்றேன். "ஐயோ, ஐயோ, போச்சே" என்று கத்தினாள் பாருங்கள், நான் மிதித்த மிதியில் வலியே தெரியவில்லை, ஆனால் எதிர்வீட்டுத் தையல்காரரும் மாடிவீட்டு டீச்சரம்மாவும் எங்களைத் தாண்டி வீட்டுக்குள் ஓடினார்கள், சோபாவில் படித்துக்கொண்டிருந்த உங்கள் மனைவியை ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தையல்காரரின் வேனில் ஏற்றினார்கள், "எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்று அவள் சொல்லச் சொல்ல, "முதல் பிரசவம்னா அப்படித்தான்மா இருக்கும்" என்று டீச்சரம்மா கதவைச் சாத்தினார், வேன் போயேவிட்டது, நாங்கள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தோம். பன்னிரண்டே நிமிடத்தில் ஆஸ்பத்திரி போய்விட்டார்களாம். அங்கே டாக்டர்கள் தாயும் சேயும் நலமென்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு சர்ஜன் என்னைப் பார்க்கிறார். அவர் சரியென்றால் வண்டி ஓட்ட நான் தயார். நீங்கள் கவலைப்பட வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நூறாண்டு நன்றாயிருங்கள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: கடிதத்தை வாங்கிப் படித்த மகள், பிரசவத்தன்றைக்கும் தையல்காரர் வேனுக்கே சொல்லி வைத்துவிட்டாளாம். "முட்டிதான் சரியாகுதேம்மா" என்றேன். "ஆபரேஷன் முட்டிக்குத்தானேப்பா பண்ணாங்க? அதுக்கு முன்னாடி நீங்க ஓட்டினப்பவும் நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்" என்றாள். இதற்கு உங்கள் அத்தையிடம் மறுப்புக் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் எதிர்பார்க்கிறேன்.