கேரியர் இல்லாத வண்டி

"கேரியர் இல்லாம ஒரு சைக்கிளா? காது இல்லாத கப்பு மாதிரியில்ல இருக்கும்" என்றாள் மனைவி, வெங்காயக் கூடையை அவர் பக்கம் தள்ளியபடி.

கிரேன்காரர் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தார். பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் உரித்த வெங்காயத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் இந்நேரம் நிலாவுக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கும்.

அவர் பேசிப் பழகிய மனிதர் அல்லர். இரும்பு உருக்கும் ஆலையில், கூரைக்கு அடியில் ஓடும் கிரேனில், பீரோவைவிடக் கொஞ்சமே பெரிதான ஒரு கேபினுக்குள் உட்கார்ந்து உத்தியோகத்தை முடித்தவர். அந்தக் கேபினில் இருந்தது ஒரே ஒரு இருக்கை. கீழே இருப்பவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் மேலே கேட்காது. கையை உயர்த்தினால் தூக்கு, தாழ்த்தினால் இறக்கு, முஷ்டியை மடக்கினால் நிறுத்து. அவ்வளவுதான் அவர் அகராதி. ஏணியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால் மாலை வரை அவர் உண்டு, அவர் கொக்கி உண்டு.

இப்போதோ வீட்டில் ஏணியும் இல்லை, கேபினும் இல்லை. காலையில் கண் திறக்கும்போது ஆரம்பிக்கும் பேச்சு, அவர் குறட்டையையும் பொருட்படுத்தாமல் தொடர்ந்தது. "இந்தத் திரையப் பிடிங்க", "அந்தக் குழாயப் பாருங்க", "மாடி வீட்டுக்காரி என்ன சொன்னா தெரியுமா?" குளியலறைக் கதவைத் தாழிட்டால், மாடி வீட்டுக்காரி சொன்னது கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. நடக்கப் போகிறேன் என்று கிளம்பிப் பார்த்தார். அவளும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

போன மாதத் தொடக்கத்தில்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. சைக்கிள்.

ஊரில் மற்றவர்கள் சைக்கிள் வாங்கும்போது விலை பார்ப்பார்கள், டயர் பார்ப்பார்கள், நிறம்கூடப் பார்ப்பார்கள். அவருக்கு முக்கியம் ஒன்றே ஒன்று: அதில் இரண்டாவது ஆள் உட்கார இடம் இருக்கக்கூடாது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் தனியாக இருந்தால் போதும். மிச்சம் இருபத்து மூன்று மணி நேரமும் வெங்காயம் உரிக்க அவர் தயார். ஆனால் இந்த ஒரு காரணத்தைத்தான் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் அந்த வீட்டில் எந்தப் பாத்திரம் எந்தத் திசையில் பறக்கும் என்று கிரேன் ஓட்டியவராலேயே கணிக்க முடியாது.

"கேரியர் வெயிட்டும்மா. வண்டி இழுக்காது" என்றார்.

"கேரியர் என்ன பெரிய வெயிட்டு? ஒரு வாணலி இருக்குமா?"

"வாணலி கேரியருக்கு. அதுல உக்கார்ற ஆளுக்கு?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. மனைவி கத்தியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் வெயிட்டுங்கறீங்க."

"பொதுவாச் சொன்னேன்."

"பொதுவா யாரும் உக்காரப் போறதில்லையே. நான்தானே உக்காரப் போறேன். ஆலையில யானைக் கூட்டம் கனத்துக்கு இரும்பத் தூக்கினீங்க, அப்பெல்லாம் முனகல. நான் மட்டும் பாரமாயிட்டேன்." அவள் போனை எடுத்தாள். "இருங்க, தம்பியக் கூப்பிடறேன். அவன் வந்து சொல்லட்டும்."

தம்பி வந்தான். குளிர்பதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் விற்கும் கடையில் விற்பனையாளன். துணி துவைக்கவே பிடிக்காதவனிடம் இரண்டு சலவை இயந்திரம் விற்கக்கூடிய வாய். சோபாவில் முழங்கால் இடிக்க நெருங்கி உட்கார்ந்தான்.

"மாமா, எந்தப் பொருள் வாங்கினாலும் ஒரே கேள்விதான். உங்களுக்கு எது முக்கியம்? அதை மட்டும் மனசைத் தொட்டுச் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

கிரேன்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் மோவாயில் கைவைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரேக்கு" என்றார்.

"பிரேக்கு எல்லா வண்டியிலயும் இருக்கு மாமா. வேற?"

"கியரு."

"நம்ம தெருவுல ஒரு மேடு உண்டா? கியர வெச்சு என்ன பண்ணுவீங்க, ஊறுகாயா போடுவீங்க? வேற?"

"சீட்டு."

"எத்தனை?" என்றாள் மனைவி.

அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வருவதற்குள் அக்காவும் தம்பியும் சேர்ந்து சைக்கிளை முடிவு செய்திருந்தார்கள். கேரியருக்கு மேல் ஒரு மெத்தை. கால் வைக்க இரண்டு பக்கமும் கம்பி. சாய்ந்துகொள்ள ஒரு பலகை. மழை வந்தால் குடை செருக ஒரு குழாய். தம்பி கைகளால் காற்றில் வரைந்து காட்டியதைப் பார்த்தால் சைக்கிள் மாதிரியே இல்லை. சக்கரம் வைத்த வரவேற்பறை மாதிரி இருந்தது.

தப்பிக்க ஒரு வழிதான் தோன்றியது. தோன்றியவுடன் அதில் குதித்துவிட்டார்.

"டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காங்க. பின்னால ஆள் வெச்சு ஓட்டினா முட்டி போயிருமாம்."

"எந்த டாக்டர்?"

"நம்ம டாக்டர்தான்."

"எப்பச் சொன்னாங்க?"

"போன தடவை போனப்ப."

"போன தடவை நானும்தானே கூட இருந்தேன். நீங்க நாக்க நீட்டிட்டு உக்காந்திருந்தீங்க. பேசினது பூரா நான்."

"நீ பேசிட்டு இருந்தப்பத்தான் சொன்னாங்க."

மறுநாள் காலை டாக்டர் முன்னால் இருந்தார்கள். டாக்டரம்மா சின்னச் சுத்தியலால் அவர் முட்டியில் லேசாகத் தட்டினார். எந்த நேரமும் சொன்ன பேச்சைக் கேட்காத அந்தக் கால், அன்றைக்குப் பார்த்து விசுக்கென்று கிளம்பிக் குப்பைக்கூடையை உதைத்தது. கூடை உருண்டுபோய்க் காத்திருந்த நோயாளிகளிடம் நின்றது.

"அருமையான முட்டி. பந்து விளையாடவே அனுப்பலாம்" என்றார் டாக்டரம்மா.

"பின்னால ஒரு ஆளை வெச்சு சைக்கிள் ஓட்டலாமா டாக்டர்?" என்று கேட்டாள் மனைவி.

"தாராளமா ஓட்டலாம். சொல்லப்போனா இந்த வயசுல தனியாப் போகாம இருக்கறதே நல்லது. ஒண்ணுன்னா சொல்றதுக்கு ஆள் வேணுமில்ல."

கிரேன்காரர் பழக்கதோஷத்தில் முஷ்டியை மடக்கி உயர்த்தினார். ஆலையில் அதற்கு 'உடனே நிறுத்து' என்று பொருள். டாக்டரம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, அந்தக் கையிலேயே பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது.

"அதுக்குத்தான் கூட ஆள் வேணும்கறேன்" என்றார்.

விஷயம் மகளுக்குப் போனது. அவள் வேறு ஊரில் இருந்தாலும் அவள் யோசனைகளுக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல.

"அப்பா, கேரியர்ல அம்மாவ உக்கார வெச்சு ஓட்டறதெல்லாம் ஆபத்து" என்றாள் போனில்.

கிரேன்காரருக்கு உயிர் வந்தது. "அதைத்தாம்மா நானும் தலையால அடிச்சுக்கறேன்."

"அதனால ரெட்டை சீட்டு வண்டி வாங்கிடுங்க. முன்னால நீங்க, பின்னால அம்மா. ரெண்டு பேரும் மிதிக்கலாம். அம்மாவுக்கும் எக்சர்சைஸ் ஆச்சு."

போனை அவர் வைக்கவில்லை. அது தானாகவே கையிலிருந்து நழுவியது.

சனிக்கிழமை சைக்கிள் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் சிரித்த முகமாக ரெட்டை சீட்டு வண்டியை வெளியே உருட்டிக்கொண்டு வந்தார். அதன் முன் சக்கரம் வெயிலுக்கு வந்து வெகு நேரம் கழித்துத்தான் பின் சக்கரம் வந்து சேர்ந்தது.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்."

ஓட்டினார். முன்னால் அவர், பின்னால் அவள். தெருவின் முதல் கட்டடத்தைத் தாண்டுவதற்குள் அவருக்கு முதுகுப் பக்கமிருந்து ஒரு வாழ்க்கைக்குத் தேவையான ஆலோசனை வந்துவிட்டது.

"லெஃப்டுல போங்க. ரொம்ப லெஃப்டு. நாய் நிக்குது பாருங்க. ஏன் நாயவே பாக்கறீங்க, ரோட்டப் பாருங்க. மாடி வீட்டுக்காரி நேத்து என்ன சொன்னா தெரியுமா?"

"மிதிக்கறியா நீ?"

"மிதிச்சுட்டுத்தானே இருக்கேன்."

"இவ்ளோ கனக்குதே."

"வண்டி புதுசில்ல. அப்படித்தான் இருக்கும்."

மருந்துக் கடையின் கண்ணாடியில் அவர்கள் உருவம் தெரிந்தது. அவர் நாக்குத் தள்ள, கண் பிதுங்க மிதித்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு காலையும் சட்டத்தின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, போவோர் வருவோருக்கெல்லாம் மகாராணி மாதிரிக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

கடைக்குத் திரும்பியபோது அவர் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிறைந்திருக்கும்.

"இதான் சரி. இதையே எடுத்துருவோம்" என்றாள் அவள், கொஞ்சமும் களைக்காமல். "போறப்பவும் பேசிட்டுப் போலாம், வர்றப்பவும் பேசிட்டு வரலாம். ஒரு மணி நேரம் என்ன, மூணு மணி நேரம் சுத்தினாலும் அலுக்காது."

அவருக்குள்ளே ஆலைச் சங்கு ஊதியது.

"வேற காட்டுங்க" என்றார் கடைக்காரரிடம். "கேரியர் இல்லாதது."

"ஒண்ணு இருக்கு சார்." கடைக்காரர் பின்கட்டுக்குப் போய் ஒரு வண்டியைத் தோளிலேயே தூக்கி வந்தார். கறுப்பு. நாலு கோட்டில் வரைந்து முடித்துவிடலாம் போல ஒல்லி. கூடை இல்லை, மட்கார்டு இல்லை, ஸ்டாண்டுகூட இல்லை. சீட்டு கத்தி மாதிரி, வெங்காயமே நறுக்கலாம். அதில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் இரண்டாவது ஈ நின்றுகொண்டுதான் வர வேண்டும்.

கிரேன்காரர் காதலில் விழுந்தார்.

"என்னங்க இது, பட்டினி கிடந்த வண்டியா இருக்கு" என்றாள் மனைவி. "இதுல நான் எங்க உக்கார்றது?"

"இதுதான்" என்றார் அவர்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"இதுதான்."

"அப்ப நான்?"

அவர் ஹேண்டில்பாரைப் பார்த்தார்.

"முடிவாத்தான் சொல்றீங்களா?"

"முடிவாத்தான்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டு, வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். பின்னாலிருந்து பார்த்தபோது அவள் தோள்கள் குலுங்குவது தெரிந்தது.

கிரேன்காரர் வண்டியில் ஏறினார். சீட்டு உயரம் அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. ஒரு மிதி மிதித்ததும் கடை பின்னால் போனது; இன்னொரு மிதியில் தெருவே பின்னால் போனது. காற்று. சக்கரத்தின் மெல்லிய சத்தம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏணியேறிக் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது.

இரண்டாவது சுற்றில்தான் அந்தக் குலுங்கும் தோள்கள் கண்முன்னே வந்து நின்றன.

அவர் மேலே ஒற்றையாளாக உட்கார்ந்திருந்த அத்தனை காலமும் அவளும்தானே கீழே ஒற்றையாளாக அந்த வீட்டில் இருந்திருக்கிறாள். மகளையும் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு சுவரோடா பேசியிருப்பாள்? சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் இப்போது இறக்குகிறாள். இறக்க இடம் கொடுக்காமல் மேலேயே தொங்கவிட்டால் அவன் என்ன கிரேன்காரன்? இதை நினைத்ததும் அவரால் மிதிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் மாடி வீட்டுக்காரி என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ளக்கூட ஆசை வந்தது.

வண்டியைத் திருப்பிக் கடைக்கு வந்தார்.

"ஒரு கேரியர் மாட்டிக் குடுத்துருங்க" என்றார். "நல்லா அகலமா. மெத்தை போட்டு."

கடைக்காரர் ஸ்பேனரை எடுக்கவில்லை. தலையைச் சொறிந்தார்.

"அது மட்டும் முடியாது சார். 'கேரியர் மாட்டவே முடியாத வண்டி ஒண்ண இவர் உயரத்துக்கு சீட்டு வெச்சு உள்ள எடுத்து வைங்க, நான் கேரியர் வேணும் கேரியர் வேணும்னு அடம்பிடிச்சு இவர அதுல ஏத்தி விட்டுடறேன், கடைசில மனசு இளகி வந்து நின்னாலும் மாட்டிக் குடுத்துடாதீங்க, ஒரு மணி நேரமாவது நான் நிம்மதியா வீட்டுல தனியா இருக்கணும்'னு அம்மா போன மாசமே வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க."